மீசைக்காரரும் கொரியப் பாட்டும்

உங்க வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டு பிடிக்கலைன்னா என்ன செய்வார்? காதைப் பொத்திக்கொள்வார், இல்லை எழுந்து போவார், அவ்வளவுதானே? இவர் தன் மீசையையே பணயம் வைத்தார்.

இவருக்குத் தொழில் முடிவெட்டுவது. வீட்டின் முன்னறைதான் சலூன். நடுவில் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் அடுப்படி. கடைப் பலகையில் பெயர் கிடையாது, அவருடைய மீசையை மட்டும் வரைந்திருக்கும். தெருவே அவரை மீசைக்காரர் என்றுதான் கூப்பிடும். கதவைத் திறந்தால் முதலில் மீசை வரும், பின்னால்தான் அவர் வருவார் என்பாள் மனைவி.

அவளுக்குக் கொரியப் பாட்டு என்றால் உயிர். பாத்திரம் கழுவும் அரைமணி நேரம் போனைக் குழாய்க்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவாள். அதில் ஐந்து பையன்கள் ஆடுவார்கள். வழுவழு முகம். ஒருவன் தலை நீலம், ஒருவன் தலை ரோஸ். மீசைக்காரருக்குப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"அஞ்சு முகம் இருக்கு, ஒரு மீசை இல்ல! ஒரு வார்த்தையாவது புரியுதா உனக்கு?"

"புரியலைங்க. அதான் சுகம். விடிஞ்சதுலேருந்து என் காதுல விழறதெல்லாம் துண்டு எங்க, சாவி எங்க, சீப்பு எங்க. இந்தப் பாட்டு ஒண்ணுதான் என்கிட்ட எதையும் தேடித் தரச் சொல்லாது."

"அதுக்காக? இதெல்லாம் ஒரு பாட்டா?"

"உங்களுக்குப் பிடிக்காதது பாட்டா, நான் தனியா சிரிக்கிறதா? அதை முதல்ல சொல்லுங்க."

சுருக்கென்றது. மாட்டிக்கொண்டால் மீசையை முறுக்குவார். முறுக்கினார்.

மறுநாள் சவரத்துக்கு வந்தவர் காலேஜில் மனோதத்துவம் சொல்லிக் கொடுக்கும் பேராசிரியர். அவர் நாற்காலியில் சாய்ந்ததும் மீசைக்காரர் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"இது ரொம்பச் சுலபம் மாஸ்டர்," என்றார் பேராசிரியர். "ஒரே பாட்டை ஓயாம கேட்டா, பிடிச்சவங்களுக்குத் திகட்டிப் போயிடும். ஆனா..."

அதற்குள் வெந்நீர்த் துண்டு அவர் வாய்மேல் விழுந்தது. சந்தோஷம் வந்தால் மீசைக்காரருக்குக் கை தானாக அடுத்த வேலைக்குப் போய்விடும். துண்டுக்குள் பேராசிரியர் ஏதோ முனகினார். சூடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இவர் அடுப்படிக்கு ஓடினார்.

"பத்து நாள். இந்த ஒரே பாட்டு. காலையிலேருந்து பொழுது சாயறவரைக்கும் ஸ்பீக்கர்ல ஓடணும். உனக்குத் திகட்டிடுச்சுன்னா அந்தப் பசங்க சத்தம் இனிமே இந்த வீட்டுல கேக்கக் கூடாது. சம்மதமா?"

அவள் முகம் வாடிப்போனது. நாள் முழுக்க ஓடுகிறவளுக்கு அவளுக்கென்று இருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

"யாருங்க சொல்லிக் கொடுத்தது?"

"படிச்சவரு. துண்டுக்கடியில இருக்காரு."

"இருங்க, சாருக்கு ஒரு டீ கொடுத்துட்டு வரேன்."

ஒரு டீ கொடுக்க எவ்வளவு நேரமாகும்? கொஞ்சம் அதிகமாகவே ஆனது. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"சம்மதம். ஆனா கூடவே நீங்களும் கேக்கணும். பத்து நாளுக்குள்ள உங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா மீசையை எடுத்துடணும்."

"எனக்கா? இதுவா?" அவர் சிரித்த சிரிப்பில் மீசையின் இரண்டு நுனியும் ஆடின. "பிடிச்சா நீயே எடு. உன் கையாலயே எடு."

ஸ்பீக்கர் கதவு நிலைமேல் ஏறியது. இந்தப் பக்கம் கத்தரிக்கோல், அந்தப் பக்கம் கரண்டி, நடுவில் ஐந்து பையன்கள்.

முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தால் மனைவி கூந்தலைக் காதுமேல் தழைய விட்டுக்கொண்டு சாவகாசமாகக் காய் நறுக்குகிறாள்.

"இன்னும் திகட்டலையா?"

"ம்."

என்ன கேட்டாலும் 'ம்'. பத்து வருஷமாக அவர் அவளுக்குச் சொல்லி வந்த அதே 'ம்'. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கடையில் பஞ்சு மட்டும் ஏனோ குறைந்துகொண்டே வந்தது.

ஐந்தாம் நாள், மேளம் எங்கே விழும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஆறாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. பாட்டு நின்றது. அப்பாடா என்று இருக்க வேண்டியவர் மூன்று தடவை வாசலுக்குப் போய், எதிர்வீட்டில் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்த்தார். ஏழாம் நாளிலிருந்து கடைக்குள்ளேயே ஷூ போட ஆரம்பித்தார். செருப்பென்றால் கால்விரல் ஆடுவது வெளியே தெரிகிறதே! ராத்திரியில் மீசையைத் தடவிக்கொண்டே படுத்தார். இன்னும் மூன்று நாள். மீசை இல்லாத மீசைக்காரரைத் தெரு என்னவென்று கூப்பிடும்?

பத்தாம் நாள். பொழுது சாய ஒரு மணி நேரம் இருந்தது. பேராசிரியர் கழுத்தை அண்ணாந்து கொடுத்திருந்தார். தொண்டைமேல் கத்தி. கதவோரம் மனைவி, கண் கொட்டாமல்.

பாட்டு வேகமெடுத்தது. கத்தி ஒருதரம் இழுத்தது. நின்றது. டக் டக்கென்று இரண்டுதரம் இழுத்தது. மேளம் விழுந்த இடத்தில் கத்தியும் விழுந்தது. பேராசிரியர் எச்சிலை விழுங்கப் பயந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மாஸ்டர்... கழுத்து..."

"ஷ்! பேசாதீங்க சார், இப்பதான் நல்ல இடம் வருது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கை நின்றது. மனைவி கூந்தலை ஒதுக்கி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவினாள்.

"என்னங்க சொன்னீங்க? எனக்குச் சரியா கேக்கல."

"எனக்கு நல்லாக் கேட்டுச்சு," என்றார் பேராசிரியர், கத்திக்குக் கீழிருந்து நழுவிக்கொண்டே.

"பஞ்சா? அடிப்பாவி, இது ஏமாத்து!"

"பத்து நாள் பாட்டு ஓடணும்னீங்க, ஓடுச்சு. பஞ்சு வைக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"அன்னைக்கே சொல்ல வந்தேன் மாஸ்டர்," என்றார் பேராசிரியர். "ஓயாம கேட்டா, பிடிக்காதவங்களுக்கு மெல்ல மெல்லப் பிடிச்சுப் போயிடும். நீங்க துண்டைப் போட்டுட்டு ஓடிட்டீங்க. டீயோட வந்து மிச்சத்தைக் கேட்டது உங்க வீட்டம்மாதான்."

மீசைக்காரர் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் கத்தியை எடுத்தாள். வலப்பக்கம் போனது, இடப்பக்கம் போனது. கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் யாரோ ஒரு வழுவழு ஆள்.

"அஞ்சு பேரோட ஆறாவது ஆள் மாதிரி இருக்கீங்க," என்று அவள் சிரித்தாள். இந்தத் தடவை தனியாகச் சிரிக்கவில்லை. அவருக்கும் வந்துவிட்டது. வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"நாளைக்குப் பாத்திரம் கழுவறப்ப நானும் வந்து பக்கத்துல நிக்கட்டுமா? சேர்ந்து கேக்கலாமே."

"சும்மா எதுக்குங்க நிக்கணும்? நீங்க கழுவுங்க, நான் உக்காந்து கேக்கறேன்."