பின்மண்டபத்து விருந்தாளிகள்

சிரிக்கச் சொல்லப் போகிறார். அண்ணை இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றால் யாராவது ஒருவர் சிரிக்க வேண்டி வரும். பிள்ளையாரே, அது நானாக இருக்கக் கூடாது.

பிள்ளையாரைக் கூப்பிட்டோம் என்பது சீனாவில் பிறந்த ஷியூலானுக்குப் பிறகுதான் உறைத்தது. இந்தச் சமையலறைக்கு வந்து ஏழு வருடமாகிறது. டொச் என்கிற ஜெர்மன் மொழிக்கு முன்னால் தமிழ்தான் நாக்கில் ஏறியது. விசாவுக்கான மொழிப் பரீட்சையில் கேட்ட கேள்விக்கெல்லாம் "ஓம், ஓம்" என்று தலையாட்டியவள் அவள். சுவிஸில் பிறந்த மகளுக்கு அதைச் சொன்னால் இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"சீலா பிள்ளை, ஒரு சின்னப் பிரச்சினை," என்றார் பாலேந்திரன்.

ஷியூலான் என்ற பெயர் முதல் நாளே சீலாவாகிவிட்டது. அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், "சொல்லுங்கோ அண்ணை," என்றாள்.

இன்டர்லாக்கனில் பாலேந்திரன் நடத்திய உணவகத்தின் பெயர் 'ஆசியா'. முன்பக்கம் கண்ணாடியும் வெளிச்சமுமாக இருக்கும். பின்பக்கம் ஒரு பழைய மண்டபம். முன்பு அங்கே மதுக்கடை வைத்திருந்த சுவிஸ்காரர் விட்டுப்போன மரச்சுவரும் மாட்டு மணிகளும் கொம்பு வைத்த மான் தலையும் அப்படியே இருந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் பாலேந்திரனுக்கு வெட்கமாக இருக்கும். கிழமைதோறும் பின்வாசலில் வந்து நிற்கும் பஸ்ஸிலிருந்து ஒரு சீனச் சுற்றுலாக் கூட்டம் அந்த மண்டபத்துக்குத்தான் நேரே வரும்.

முதல் தடவை வந்தபோது நூடுல்ஸ் தீர்ந்துபோயிருந்தது. வேலையாட்களுக்கென்று வைத்திருந்த இடியப்பத்தையும் கோழிக்கறியையும் கொண்டுபோய்ப் பரிமாறினார்கள். கூட்டம் தட்டை வழித்துச் சாப்பிட்டது. அடுத்த கிழமை வழிகாட்டி சென், அதே சாப்பாடு வேண்டுமென்று போனில் கேட்டான். அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

"இடியப்பத்தை நூடுல்ஸ் எண்டு நினைச்சுத் தின்னுதுகள். பேசாமல் இருங்கோ," என்பார் பாலேந்திரன்.

இன்றைக்குக் காலையில் சென் போன் எடுத்திருந்தான். சுற்றுலாக் கம்பனியின் தலைவி பெய்ஜிங்கிலிருந்து வந்து கூட்டத்தோடு சாப்பிடப் போகிறாராம். கவனமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

"பெரிய மனிசிக்கு இடியப்பம் வேறை நூடுல்ஸ் வேறையெண்டு தெரியாமல் இருக்குமே? ஒரு வாய் வைச்சவுடனை பிடிச்சிடுவா. இவை வராமல் விட்டால் தை மாசம் ஓராளைக் குறைக்கத்தான் வேணும், பிள்ளை."

அதைச் சொல்லும்போது அவர் குளிர்பெட்டியைப் பார்த்தார். சமையல்காரன் சுபேசன் முதலாளியின் மனைவி பத்மினியின் தம்பி. பாத்திரம் கழுவும் மெஷினைக் குறைக்க முடியாது. மிச்சம் யார் என்று ஷியூலான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கணவன் மலை ரயில் பாதையில் பனி வழிக்கப் போனால் ஞாயிற்றுக்கிழமைதான் கீழே வருவான். அவன் சம்பளம் வாடகையோடு நின்றுவிடும்.

"அந்தச் சென்னிட்டை ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டோ அண்ணை, என்ன சாப்பாடு வேணுமெண்டு? நான் அவையின்ரை பாஷையிலேயே கேக்கிறன்."

"விசரே பிள்ளை! கேட்டால் எங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டெல்லோ ஆகும். நீ முன்னுக்கு வந்து நில். அது காணும். அசல் சீனக்காரி ஒருத்தி சிரிச்சுக்கொண்டு நிண்டால் ஆர் சந்தேகப்படுவினம்?"

2009இல் சுவிஸுக்கு வந்த புதிதில் ஷியூலான் ஒரு கைக்கடிகாரக் கடை வாசலில் சிவப்புப் பட்டு உடுத்து நின்றவள். வருகிற சீனர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வதுதான் வேலை. மாலையில் வீட்டுக்குப் போனால் கன்னம் வலிக்கும், கணவனோடு பேச முகத்தில் எதுவும் மிஞ்சியிருக்காது. இந்தச் சமையலறையில்தான் யாரும் அவளைச் சீனக்காரியாக இருக்கச் சொல்லவில்லை. வெங்காயத்துக்கு அழுதால்கூட ஏன் என்று கேட்பதில்லை.

அந்த அமைதிக்கு இன்றோடு சரி.

பத்மினி வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பெட்டியோடு வந்தாள். மகள் தனுஷியா பெரியபிள்ளையானதற்கு நடத்திய சாமத்திய வீட்டு ஆல்பத்துக்கு ஏழு விதமாக உடுப்பு மாற்றிப் படம் எடுத்தவர்கள் அவர்கள். அதில் ஒன்று சீன உடுப்பு, விசிறியும் குடையும் சேர்த்து.

ஷியூலான் விரித்துப் பார்த்தாள்.

"அக்கா, இது ஜப்பான் உடுப்பு."

"உனக்கு வடிவாத் தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

பத்மினி கணவனைப் பார்த்தாள். பாலேந்திரன் ஒரு கணம் யோசித்தார். "நிண்டு பாக்கவே போகினம்? விசிறியை முன்னுக்குப் பிடி, பிள்ளை."

உடுப்பு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தைத்தது. இடுப்புப் பட்டியைக் கட்டியபிறகு ஷியூலானுக்குப் பாதி மூச்சுத்தான் கிடைத்தது. அந்த நிலையில்தான் பாலேந்திரன் அடுத்ததைக் கேட்டார்.

"நீ நிண்டுபோட்டுச் சாப்பாடு பிழைச்சால்? அதாலை நீயே ஏதும் சமைச்சுவிடன். உங்கடை வீட்டிலை என்ன சமைக்கிறியளோ, அது."

சுபேசன் அகப்பையைக் கீழே வைத்தான். "அப்ப நான் என்னத்துக்கு அத்தான்?"

"இண்டைக்கு ஒருநாள் மட்டும் ராசா."

"ரெண்டு வருசமா என்ரை கறிக்குத் தட்டை நக்கின ஆக்கள். இண்டைக்கு நான் வேண்டாமோ? வடிவா நடத்துங்கோ." ஏப்ரனைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டுப் பின்முற்றத்தில் போய் உட்கார்ந்தான். கதவைத் திறந்துவைத்தபடிதான் போனான், தன்னைக் கூப்பிடும் சத்தம் கேட்க வேண்டுமே.

ஜப்பான் உடுப்பில், விசிறியை இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு ஷியூலான் சமைத்தாள். தக்காளியும் முட்டையும் வதக்கல், வினாகிரிப் புளிப்பு விட்ட உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் பிரட்டல். அம்மாவின் சமையல். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டி, கடிகாரக் கடை எப்படிப் போகிறது என்று இன்னமும் கேட்கிறாள். தக்காளி கரையும் வாசனை எழும்பியபோது அவளுக்கு ஊர் ஞாபகம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. யாரோ ஒருவர் சொல்லி, யாருக்கோ காட்டுவதற்காகத் தன் வீட்டைத் திறந்து விட்டதுபோல் இருந்தது.

மண்டபத்தில் வேறு அமளி. பாலேந்திரன் ஏணி வைத்து மாட்டு மணிகளையும் மான் தலையையும் கழற்றிக் களஞ்சிய அறைக்குள் தள்ளினார். அந்த இடத்தில் நத்தார் பண்டிகைக்கு வாங்கிய சிவப்பு விளக்குகள் தொங்கின. மரச்சுவரைச் சிவப்புத் துணி மூடியது. சுவரில் ஊறிப்போன கறிவாசனைதான் போகமாட்டேனென்றது.

"சாம்பிராணி போடுவம். சீனக் கோயிலிலையும் போடுறவைதானே?" என்றாள் பத்மினி.

போட்டார்கள். கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. யன்னல்களை எல்லாம் திறந்தார்கள். மலைக்குளிர் உள்ளே வந்து மேசைமேல் உட்கார்ந்தது. மணி நிற்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

கூட்டம் உள்ளே வந்து, கோட்டுக்களைக் கழற்றாமலே இருந்தது. தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சென் என்ற அந்த இளைஞன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் முகத்தில் இரத்தம் இல்லை.

ஷியூலான் சிரித்தாள். கன்னத்துக்குப் பழைய வலி மறந்திருக்கவில்லை.

தட்டுகள் மேசைக்குப் போயின. ஒரு வயதான அம்மா தக்காளி முட்டையைக் கரண்டியால் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ எந்த ஊர், மகளே?" என்று சீனத்தில் கேட்டார்.

"சிங்டாவோ."

"நானும் அந்தப் பக்கந்தான். இதை என் வீட்டில் நாள்தோறும் சமைக்கிறேன்." அந்த அம்மா கரண்டியை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த பாலேந்திரன் மனைவியின் தோளை உலுக்கினார். "பாத்தியே பத்மினி, ஊர் ஞாபகம் வந்து மனிசி அழுகுது! சீலா பெரிய கெட்டிக்காரி."

அப்போதுதான் சென் ஷியூலானைச் சமையலறைக்குப் போகும் நடைக்கு அழைத்துப்போய்ச் சீனத்தில் படபடவென்று பேசத் தொடங்கினான். பாலேந்திரன் பின்னாலேயே ஓடிவந்தார். மண்டபத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. சில பேர் எழும்பிவிட்டார்கள்.

"என்னவாம் பிள்ளை? நல்லாயிருக்காமோ?"

ஷியூலான் இன்னும் கொஞ்சம் கேட்டாள். பிறகு திரும்பினாள்.

"அண்ணை, மான் தலை எங்கையெண்டு கேக்கிறார்."

"மான் தலையோ?"

"இவை ஐரோப்பா முழுக்கப் போற இடமெல்லாம் சீனச் சாப்பாடுதானாம். இஞ்சை ஒரு இடந்தானாம் வேறை."

"வேறையெண்டால்?"

"எங்கடை இடியப்பமும் கோழிக்கறியும் சுவிஸ் மலைக்கிராமத்துச் சாப்பாடெண்டு சொல்லித்தானாம் ரெண்டு வருசமாக் கூட்டிக்கொண்டு வாறவர். பெரிய மனிசி அதைத் தின்னத்தானாம் பெய்ஜிங்கிலையிருந்து வந்தவ."

பாலேந்திரன் சுவரில் சாய்ந்தார். பின்முற்றத்துக் கதவடியில் ஏப்ரன் இல்லாமல் நின்ற சுபேசன் மட்டும் மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினான்.

அடுத்த கணம் பாலேந்திரனுக்கு உயிர் வந்தது. "சுபேசா, கறியைச் சூடாக்கு! பத்மினி, மணியளைக் கொண்டுவந்து மாட்டு! சென்னுக்குச் சொல்லு பிள்ளை, இது முதல் சுற்றுத்தான், கிராமத்து விருந்து இனித்தான் வருகுதெண்டு."

அவள் சொன்னாள். சென் மண்டபத்துக்குள் ஓடினான். நாற்காலிச் சத்தம் அடங்கியது.

பாலேந்திரன் அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். கையைப் பிசைந்தார்.

"பிள்ளை, கிராமத்து விருந்தெண்டால் வீட்டுக்காரியும் வேணுமெல்லே. பத்மினியிட்டை ஒரு வெள்ளைச் சட்டையும் பூப்போட்ட பாவாடையும் கிடக்கு. தலைமயிரை மூடித் துணியைக் கட்டினால் ஆருக்குத் தெரியப்போகுது? நீ எங்களைவிட வெள்ளைதானே. சுவிஸ்காரி மாதிரிக் கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு நில்லன்."

ஷியூலான் இடுப்புப் பட்டியை அவிழ்த்தாள். மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. வேலைச் சட்டைக்கு மேலே போட்டிருந்த உடுப்பைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து, விசிறியை மேலே வைத்துப் பத்மினியின் கையில் கொடுத்தாள்.

"இல்லை அண்ணை," என்றாள், குரலை உயர்த்தாமல். "நான் இடியப்பத்துக்கு மா குழைக்கிறன்."