ரயிலேறிய கோடாலித் தைலம்

வளைகுடாவில் வேலை பார்க்கிறவன் ஆபீஸ் மெயில் முகவரியை மனைவியிடம் கொடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதையெல்லாம் ‘நான் பார்க்கவேயில்லையே’ என்று நான் சாதித்து வந்ததால், ஸ்டெல்லா அதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்கு அல் கூஸில் ஒரு சரக்குக் கம்பெனியில் டாக்குமெண்ட் வேலை. லாரியில் போன சரக்கெல்லாம் கூட்ஸ் ரயிலுக்கு மாறத் தொடங்கியிருந்த நேரம். ரயிலில் ஏற்றும் சரக்குக்கு ஒரு அனுப்புச் சீட்டு உண்டு. யாருக்கு, என்ன பொருள், எத்தனை உருப்படி, என்ன எடை என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் டைப் அடித்துக்கொண்டிருந்தோம். இனி சீட்டு மெயிலில் வந்தால் போதும், கம்ப்யூட்டர் தானே படித்து, தானே பதிந்து, அனுப்பியவருக்கு ரசீதும் போட்டுவிடும், நான் செய்து தருகிறேன் என்று மேனேஜர் தாமஸ் சாரிடம் சொன்னேன். (அவர் கேட்கவே இல்லை. அப்போது எனக்கு வாய் அப்படி.)

வாய்க்குப் பின்னால் ஒரு காரணமும் இருந்தது. ஊரில் என் மகள் ஜெனிக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவள் ஞானஸ்நானத்துக்கு நான் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்ததையும் போனில்தான் பார்த்தேன். இதையும் போனில் பார்ப்பதாக இருந்தால் நான் என்ன அப்பன் என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. தாமஸ் சாரோ என் லீவு பாரத்தின் மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்துவிட்டு, “டெமோ கழியட்டே, பின்னே ஒப்பிடாம்” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டார். வாடிக்கையாளருக்குச் செய்து காட்டிய பிறகுதான் கையெழுத்து.

சீட்டுகள் வந்து விழத் தனியாக ஒரு மெயில் முகவரி வேண்டும். ஐ.டி. ஆட்களைக் கேட்டால் இன்ஷா அல்லாஹ் என்பார்கள். எதற்கு அலைச்சல் என்று என் முகவரியையே கொடுத்தேன். அதில் வரும் எக்செல் ஃபைல் எதுவானாலும் எடுத்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்கும் சொல்லி வைத்தேன். அனுப்பியது யார் என்று பார்க்கச் சொல்லவில்லை. எனக்கெல்லாம் யார் மெயில் போடப் போகிறார்கள் என்ற தன்னடக்கம்தான்.

லீவில் போகிறவனுக்கு ஊரிலிருந்து லிஸ்ட் வருவது வழக்கம். விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் விடமாட்டான் என்பதால், ஸ்டெல்லா சொந்தக்காரர்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் எடை குறித்துத்தான் அனுப்புவாள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவள். யாருக்கு, என்ன பொருள், எத்தனை, என்ன எடை என்று எக்செலில் கட்டம் கட்டமாக அடித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

டெமோ பார்க்க பிளாஸ்டிக் தொழிற்சாலையிலிருந்து ஹானி என்ற எகிப்துக்காரர் வந்திருந்தார். பெரிய மனிதர், பெரிய மீசை. நான் கோட்டுப் போட்டிருந்தேன். (ரூம்மேட்டுடையது. கை, முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.) உங்கள் தொழிற்சாலைச் சீட்டு இப்போது வரும், மனிதக் கையே படாது, யல்லா, பாருங்கள் என்று சுவரில் இருந்த திரையைக் காட்டினேன்.

திரையில் ஒரு வரி பச்சையாக எழுந்தது. பெறுபவர், பெரிய அத்தை. பொருள், கோடாலித் தைலம். உருப்படி, பன்னிரண்டு. ஏற்கப்பட்டது.

அடுத்தது ரெஜினா அக்கா, பால் பவுடர். அதற்கடுத்தது மச்சினன், சென்ட். ‘கையாளும் முறை’ என்ற கட்டத்தில், போன தடவை மாதிரி பாதி காலியான பாட்டில் வேண்டாம் என்று தமிழில் இருந்தது. எல்லாம் பச்சை. எங்கள் கம்பெனியில் ஒரு பிழைகூட இல்லாமல் வந்த சரக்கு ஆவணம் அதுவரை கிடையாது.

பெரிய அத்தை எந்தக் கம்பெனி என்று ஹானி மரியாதையாகக் கேட்டார். பழைய வாடிக்கையாளர் என்றேன்.

அதற்குள் மேஜைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது. அணைக்கிறேன் என்று எதையோ அழுத்த, மாமியாரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“மாப்ள, வேகனே புடிச்சிட்டியளாமே, ஸ்டெல்லாவுக்கு ரசீது வந்திருக்காம்லா. அப்ப அந்த வாஷிங் மெஷினையும் சேத்து ஏத்திருங்க. எடம் சும்மாதான கெடக்கும்.”

தாமஸ் சார் மார்த்தாண்டத்தில் பெண் எடுத்தவர். தமிழ் கேட்டாலும் புரியும், படிக்கவும் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். லீவு கலாஸ், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஹானியிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் மீசை துடிக்கச் சிரித்து, கடைசியில் திரையைக் காட்டி, அடியில் புதிதாக வந்து நிற்கும் அந்த ஒரு வரி மட்டும் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டார்.

எடைக் கட்டம் காலியாக இருந்தால் ஏற்காது என்று விளக்கினேன். பாதி விளக்கத்தில்தான் அந்த வரியைப் படித்தேன். பெறுபவர், ஜெனி. பொருள், அப்பா. உருப்படி, ஒன்று.

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினால் கோட்டின் கை எட்டவில்லை.

தாமஸ் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார். “தன்டெ வெயிட் எத்ரயாடோ?”

“எண்பத்திரண்டு சார்.”

“எங்கில் அடிக்கு.”

அடித்தேன். வரி பச்சையானது. அவர் ஸ்டேப்ளரை நகர்த்திவிட்டு என் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். போவதற்குள் அந்த மெயில் முகவரியை மாற்றிவிட்டுப் போ என்பது மட்டும்தான் நிபந்தனை. மாற்றியதும் ஹானியின் சீட்டுகள் ஒழுங்காக வந்தன, அவ்வளவு சுவாரசியமாக இல்லாவிட்டாலும்.

ஏர்போர்ட்டில் என்னை வரவேற்க மாமியார் குட்டியானை வண்டி பிடித்து வந்திருந்தார். ஒரு பெட்டியோடு நான் மட்டும் வெளியே வந்ததைப் பார்த்து டிரைவர் இரண்டு தரம் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எங்கள் தெருவில் எனக்கு இன்றுவரை வேகன் மாப்பிள்ளை என்றுதான் பெயர்.

ஜெனி மட்டும் ரசீதைப் படித்து வைத்திருந்தாள். வந்த சரக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று அன்றைக்கே என்னை மளிகைக் கடைத் தராசில் ஏற்றினாள். எண்பத்தாறு. நான்கு கிலோவை மறைத்துக் கொண்டுவந்த குற்றத்துக்கு எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். அதிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் வாசலில் எடை மெஷின் காத்திருக்கிறது.

போன தடவை எழுபத்தெட்டு காட்டியது. கேம்ப் சாப்பாடு அப்படி. எல்லாரும் சிரித்தார்கள். ஜெனி மட்டும் குனிந்து எண்ணை இன்னொரு முறை பார்த்தாள்.

“கொறஞ்சு வந்த சரக்கத் திருப்பி அனுப்ப மாட்டோம்ப்பா,” என்றாள். “சரியாவுற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும்.”