புதைத்து வைத்த விருந்து

தாராவியில் ஆளைப் புதைக்காத ஒரு குழியைத் தோண்டுவது இத்தனை கஷ்டம் என்று ஜெயினுலாப்தீனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வரை தெரியாது.

"யாரு மச்சான் மவுத்து?" என்று பக்கத்துப் பட்டறைக் கரீம் பாட்சா தொப்பியை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"யாருமில்ல. உருளைக்கிழங்கு."

கரீம் பாட்சா அவரையும் மண்மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். துக்கத்தில் சிலருக்கு இப்படிப் பேச்சு தடுமாறும் என்பது அவருக்குத் தெரியும். தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, நாலு பேரைக் கூட்டிவரப் போனார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வயிறு. பெரு என்ற நாட்டிலிருந்து சான்செஸ் என்றொரு வியாபாரி தோல் பை வாங்க வந்திருந்தார். ஐந்நூறு பை. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பெருநாள் கழித்துப் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். பதினோரு தொழிலாளிகளும் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். அப்பேர்ப்பட்ட சான்செஸ், புதன்கிழமை வீட்டில் ஆக்கிய பிரியாணியை இரண்டு கவளத்தோடு தள்ளி வைத்துவிட்டார்.

வேறு யாராவது என்றால் கோபித்திருப்பார்கள். ஜெயினுலாப்தீனுக்குக் கண் கலங்கியது. பம்பாய்க்கு வந்த புதிதில் ஒரு மாதம் அவருக்கே சோறு இறங்கவில்லை. "பாவம், அந்த மனுசனுக்கு ஊர்ச் சாப்பாட்டு நெனப்பு வந்துட்டு" என்று முடிவு கட்டினார்.

பெரு நாட்டு ஊர்ச் சாப்பாடு எப்படி இருக்கும்? அணுசக்தி நகரில் இருந்த வேங்கடசுப்ரமணியனுக்குத்தான் தெரியும். ஆபீஸ் வேலையாக அந்த நாட்டுக்குப் போய் வந்தவர். அவர் கொண்டுபோன பெட்டிக்குக் கைப்பிடி தைத்துக் கொடுத்தவரே ஜெயினுலாப்தீன்தான்.

"மலை மேல ஒரு ஹோட்டலுக்கு அழைச்சிண்டு போனா பாய்" என்றார் வேங்கடசுப்ரமணியன். "பரம்பரைச் சமையலாம். அடுப்பே கிடையாது. பூமியைத் தோண்டி, பழுக்கக் காய்ச்சின கல்லைப் போட்டு, மாமிசம், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் அடுக்கி, மண்ணைப் போட்டு மூடிடறான். அப்புறம் தோண்டி எடுத்துப் பரிமாறறான். குடிக்கறதுல முதல் வாய் பூமிக்கு. தரையில ஊத்திட்டுத்தான் நாம குடிக்கணும்."

"நீங்க என்ன சாப்பிட்டீங்க சார்?"

"உருளைக்கிழங்கு மட்டும். அதுவும் மாமிசம் படாததாப் பார்த்து."

"படலைன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார் அவர் வருத்தத்துடன். "ஆத்துக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ."

அதன்பின் மூன்று நாள் ஜெயினுலாப்தீன் பட்டறைப் பக்கமே தலைகாட்டவில்லை. கோவண்டியில் கல் தேடினார். முதல் வண்டிக் கல் நெருப்பில் காட்டியதும் வெடித்துச் சிதறியது. இரண்டாவது வண்டிக்கு அலைந்தார். குழியை மூட முரட்டுப் படுதா வேண்டுமென்று உல்லாஸ்நகருக்கு ரயிலேறினார். கடைக்காரனிடம் பச்சை நிறம் ஒன்றுதான் இருந்தது. நிறத்தில் என்ன இருக்கிறது என்று வாங்கிவிட்டார்.

ஞாயிறு காலை பட்டறையின் பின்கட்டில் குழி வெட்டி, கல்லிட்டு, ஆட்டுக்கறியும் கிழங்கும் அடுக்கி மண் போட்டார். வடக்கு மூலையில் புகை வந்தது. அங்கே மண் போட்டார். தெற்கே வந்தது. அங்கும் போட்டார். இப்படியே போட்டுப் போட்டு மேடு சரியாக ஆறடி நீளத்துக்கு நின்றது.

அந்த நேரத்தில்தான் கரீம் பாட்சா எட்டிப் பார்த்தது.

"மொதலாளி, ஒரு விசயம்..." என்று கொல்லை அடுப்படியிலிருந்து வந்தாள் அன்னத்தாய். தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போடுகிறவள்.

"பொறவு சொல்லு தாயி! மேட்டை மறைக்கணும், ஊரு கூடப் போகுது!"

அவள் திரும்பிப் போனாள். அடுப்படியில் மீன் குழம்பு கொதித்தது. லீவு நாளில் இவள் யாருக்கு மீன் குழம்பு வைக்கிறாள் என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

பச்சைப் படுதாவை எடுத்து மேட்டின்மேல் விரித்தார். அதுவரை கபராக மட்டும் தெரிந்தது, இப்போது தர்காவாகவே ஆகிவிட்டது.

கால் மணியில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். தெருக்கோடிப் பாத்திமா ஊதுபத்தி ஏற்றினாள். யாரோ மல்லிகைச் சரம் வைத்தார்கள்.

"எந்த ஊரு அவுலியா?" என்று உள்ளே அடங்கியிருக்கும் மகானைப் பற்றி விசாரித்தது ஒரு குரல்.

"கையெடுங்க! பூவை எடுங்க! உள்ளே கறி வேகுது!" என்று ஜெயினுலாப்தீன் கத்தினார்.

"மனசைத் தேத்திக்குங்க மச்சான்" என்று கரீம் பாட்சா அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார்.

அந்த நேரம் பார்த்து, விருந்துக்குச் சொல்லியிருந்த சான்செஸின் டாக்ஸி வந்து நின்றது. சான்செஸும், மொழிபெயர்க்க அன்று ஒரு நாளைக்கென்று பிடித்திருந்த கோவாக்கார குமாஸ்தா பெர்னாண்டஸும் இறங்கினார்கள்.

சான்செஸ் கூட்டத்தைப் பார்த்தார். பச்சைத் துணியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துத் தலைகுனிந்தார்.

"சேட், ரொம்ப வருத்தமா இருக்காம். குடும்பத்தில் யார்னு கேட்கிறார்" என்று பெர்னாண்டஸ் இந்தியில் மெல்லச் சொன்னார்.

ஜெயினுலாப்தீனுக்கு விளக்கப் பொறுமையில்லை. சம்பிரதாயப்படி நன்னாரி சர்பத்தின் முதல் வாயை மேட்டின்மேல் ஊற்றினார். துக்க முறை போலும் என்று நாற்பது பேரும் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றினார்கள். மேட்டுக்குள்ளிருந்து 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு கிளம்பியது.

கூட்டம் பின்வாங்கியது.

"சாப்பாடு! சாப்பாடு!" என்று அவர் மேட்டையும் தம் வாயையும் மாறி மாறிக் காட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

சான்செஸ் அலறிய அலறலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முதல் உருளைக்கிழங்கு வெளியே வந்த பிறகுதான் ஊர் அமைதியானது. பாதி கரி, பாதி பச்சை. ஜெயினுலாப்தீன் அதைத் தட்டில் வைத்து இரு கையாலும் நீட்டினார். சான்செஸ் ஒரு ஓரம் கடித்து, நெடுநேரம் மென்று, நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

பெர்னாண்டஸ் தயங்கினார். "தமிழர்கள் இப்படித்தான் சாப்பிடுவீங்களான்னு கேட்கிறார். அவங்க நாட்டிலும் மலைக்காரர்கள் இப்படிச் செய்வாங்களாம், கேள்விதானாம். இவர் கடற்கரைக்காரர். மலையை ரயில் ஜன்னலில்தான் பார்த்திருக்காராம்."

சான்செஸ் தட்டைக் கீழே வைத்தார். மரியாதையாக ஒரு வணக்கம் போட்டுவிட்டு, விறுவிறுவென்று கொல்லைப் பக்கமாக நடந்தார்.

ஜெயினுலாப்தீன் மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கல்லின் சூடு வேட்டியைத் தாண்டி உறைத்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"போச்சு. ஆர்டர் போச்சு. பதினோரு பேரு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

அடுப்படியிலிருந்து தட்டுச் சத்தம் கேட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அன்னத்தாய் வந்து நின்றாள்.

"வியாழக்கெழமையிலருந்து சொல்ல வாறேன், நீங்க எங்க மொதலாளி கேக்கிய? நீங்க கல்லு தேடிப் போன அன்னைக்கே அந்தத் தொரை நம்ம ஆளுகளோட தரையில ஒக்காந்து மீன்கொழம்பு தின்னுட்டு, ஐந்நூறு பைக்கும் கையெழுத்துப் போட்ட தாளை எங்கிட்ட குடுத்தாரு, அதை நான் அரிசி டின்னுல வச்சிருக்கேன். மூணு நாளா வந்த மாதிரி இன்னைக்கும் அவரு சாப்பிடத்தான் வந்திருக்காரு, பேசாம நீங்களும் கைகழுவிட்டு வந்து பக்கத்துல ஒக்காருங்க!"