ஆளுயர மெழுகுவத்தி

அந்தோணியார் கோயிலில் தவசிமுத்து அண்ணாச்சி ஏற்றிவைத்த மெழுகுவத்திக்குப் பக்கத்திலேயே, அதைவிட ஒரு சாண் உயரமாக இன்னொன்று வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால், காஜா மொய்தீன் பாய்!

போச்சுடா என்றிருந்தது அண்ணாச்சிக்கு. ராயபுரத்தில் எத்தனை சாமி இருக்கிறது, இந்த மனுசனுக்கு அந்தோணியார்தானா கிடைத்தார்?

இரண்டு பேர் கடைக்கும் நடுவில், ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அது யாருக்கு என்று வருடக்கணக்காகக் கேஸ். அதற்கு முன்னால் பாய் வீட்டு நோன்புக் கஞ்சி இங்கே வரும், இங்கேயிருந்து கிறிஸ்துமஸ் முந்திரிக்கொத்து அங்கே போகும். "எதிர்ப் பார்ட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசினாலும் கேஸு வீக்காயிடும்" என்று வக்கீல் சொன்னதோடு எல்லாம் நின்றுபோனது. சந்தில் இப்போது எலிகள்தான் குடும்பம் நடத்துகின்றன.

அண்ணாச்சிக்குத் தூக்கமும் போய்விட்டது. கொஞ்சம் கண்ணசந்தால், "ஆஜர் ஐயா!" என்று கட்டிலை விட்டு எழுந்து நிற்கிறார். அதனால்தான் செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி.

"நாம சி.எஸ்.ஐ. நம்ம சபையில மெழுகுவத்தி உண்டா? சபை ஐயருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாரு?" என்றாள் மனைவி சுகிர்தம்.

"பாய் ஒரு சாண் பெருசா வச்சிருக்கான். நீ சபையப் பேச வந்துட்ட!"

அடுத்த செவ்வாய் அண்ணாச்சி ஒரு முழத்தில் வாங்கினார். பாய் இரண்டு முழத்தோடு வந்தார். அண்ணாச்சி கண்ணை மூடி ரகசியமாக வேண்டிக்கொண்டார். மொத்த வியாபாரக் கடையில் காலமெல்லாம் கூவி விற்ற தொண்டை. அதன் ரகசியம் வாசல் வரைக்கும் கேட்கும். பாய் தொண்டையும் அதே ரகம்தான். இருவரும் ஒரே நேரத்தில் வேண்டியதில், அவரவர் சத்தத்தில் அடுத்தவர் வேண்டுதல் காதில் விழவில்லை.

வாசலில் மெழுகுவத்தி விற்கிற லூர்தக்கா, "இன்னும் பெருசா வோணும்னா ஆளுயரத்துக்கே செஞ்சி தருவாங்கோ அண்ணாச்சி. தண்டையார்பேட்டைல கீது" என்றாள்.

சித்திரை வெயில். ஆளுயர மெழுகுவத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அண்ணாச்சி ஷேர் ஆட்டோவில் ஏறினால், உள்ளே அதே உயரத்தில் இன்னொன்றைக் கட்டிப்பிடித்தபடி பாய்! காலியாக இருந்ததும் அவர் பக்கத்து இடம்தான்.

"இன்னா நைனா, உங்களுக்கு ரெண்டு, மெழுகுவத்திக்கு ரெண்டு. நாலு டிக்கெட்டு!" என்றான் டிரைவர். இருவரும் ஆளுக்கு இரண்டு டிக்கெட்டுக்கு எண்ணிக் கொடுத்தார்கள்.

வெயிலில் மெழுகு இளகியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி தூக்கிப்போட்டது. கோயில் வாசலில் இறங்கும்போது இரண்டு மெழுகுவத்தியும் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி இழுத்தார். வரவில்லை. பாய் இழுத்தார்.

"மெதுவா பாய், ஒடிஞ்சிரும்!"

வாய் தவறி வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் வார்த்தை. வக்கீல் முகம் அண்ணாச்சியின் கண்முன்னால் வந்து போனது.

"கை நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி. தூங்கி ரொம்ப நாளாச்சு" என்றார் பாய். அவர் கண் சிவந்து வீங்கியிருந்தது.

பாவமே என்றிருந்தது அண்ணாச்சிக்கு. "எனக்கும் அதே கததான்" என்றவர், சட்டென்று விறைத்துக்கொண்டார். "ஆனா என் வேண்டுதல் வேற. என் மெழுகுவத்திய விடும்!"

"என் வேண்டுதலும் வேறதான்!"

"லூர்து, கத்திய எடுத்துட்டு வா. அறுத்துப் பிரி!"

லூர்தக்கா கத்தியோடு வந்தாள். மெழுகுவத்திகளைப் பார்த்தாள், அந்த இரண்டு பேரையும் பார்த்தாள், கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இத்தினி நாளு வியாபாரத்துக்கோசரம் வாயத் தொறக்காம இருந்தேன். இப்ப கத்தி வரைக்கும் வந்துட்டீங்கோ. அப்டியே உள்ள தூக்கினு போங்க. 'நான் போய்ப் பேசுனா அவரு மூஞ்சத் திருப்பிக்கக் கூடாது சாமி'ன்னு ரெண்டு பேரும் ஒரே வேண்டுதலத்தானே வாரா வாரம் கத்திகினு கீறீங்கோ!"