நம்ம கம்பெனிதானுங்க

சேசு மரி சூசை துணை

கணபதி,
கோயமுத்தூர்.
9.7.1996

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஜெரால்டு அவர்களுக்கு,

தங்கராஜ் எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் தங்கை சூசைமேரியும், உங்கள் மருமகள் அன்புச்செல்வியும் ஆண்டவர் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மேட்டுப்பாளையத்தில் நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மண்டியில் உருளைக்கிழங்கு வரத்து எப்படி என்பதையும் எழுதவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் படித்து உங்கள் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தொழிலதிபர் ஆன சங்கதியைச் சொந்த மச்சானிடமே மறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டிக் கணக்கு வேலையை விட்டுவிட்டு லாரி வாங்கப்போவதாகவும், அதில் நான் பாதிப் பங்கு போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மச்சான், உங்களுக்கு யாரோ காட்டிய அந்த அழைப்பிதழில் 'தொழிலதிபர் தங்கராஜ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது என்னைத்தான். ஆனால் நான் தொழிலதிபர் இல்லை. இன்றைக்கும் பாலுசாமி முதலாளியின் பவுண்டரியில் பம்புசெட்டுக்கு மண்ணில் அச்சுப் போடுகிற மோல்டர்தான். பட்டம் வந்த கதையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

அன்புச்செல்விக்கு பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படிக்க சீட்டுக் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். நம் இரண்டு வீட்டிலும் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். ஃபீஸைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அப்போது பங்குச் சாமியார், டவுனில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது, கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வருசமும் கட்டுவார்கள், ஆனால் வீட்டை வந்து பார்ப்பார்கள் என்று சொல்லி விண்ணப்பம் போட வைத்தார். வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார் என்று உங்கள் தங்கை காதில் விழுந்ததுதான் தாமதம், மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது. பெரிய மனுசர் வந்து உட்கார நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பாவாத்தாளிடம் குஷன் சேர், டேபிள் ஃபேன், வெள்ளி டம்ளர் எல்லாம் இரவல் வாங்கி வந்து, நாட்டுக்கோழி அடித்து, சந்தகை பிழிந்து, வெல்லம் போட்டு ஒப்புட்டும் சுட்டு வைத்துவிட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை, அவளுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

வந்தவர் கௌதமன் சார் என்று ஓர் அதிகாரி. மெட்ராஸ்காரர், ஊருக்குப் புதுசு. அங்கேதான் மோசம் போனோம். நம் பக்கத்துப் பேச்சு உங்களுக்குத் தெரியாததா? அடுத்தவர் பொருளை 'அது அவங்களுது' என்று வெட்டிப் பேசினால் ஏதோ தகராறு என்றல்லவா நினைப்பார்கள்? நமக்கு எல்லாம் 'நம்ம'தான். வாசலில் பாவாத்தாள் வீட்டுக்காரர் கண்ணையா நிழலுக்காக நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைப் பார்த்து, "இது யாருடையது?" என்றார் அவர்.

"நம்ம வண்டிதானுங்க சார்."

"பின்னால் இருக்கிற தென்னந்தோப்பு?"

"நம்ம தோப்புதானுங்க. எளநி ரெண்டு வெட்டச் சொல்லட்டுங்களா?" முதலாளி தோப்பு அது. அவர் எங்களைத் தடுத்ததே இல்லை.

"எங்கே வேலை பார்க்கிறீர்கள்?"

"நம்ம கம்பெனிலதானுங்க. மோட்டார் பம்பு பண்றமுங்க."

"உங்கள் கம்பெனியா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமாங்க சார், கல்யாணத்துக்கு முந்தியிருந்தே நம்ம கம்பெனிதானுங்க. அறுவது பேரு இருக்கறமுங்க."

ஒவ்வொன்றையும் அவர் எழுதிக்கொண்டே வந்தார். சமையலறை வாசலில் நின்ற அன்புச்செல்வி செருமுகிறாள், கண்ணைக் காட்டுகிறாள், கையை ஆட்டுகிறாள். "அம்மணிக்குச் சளி புடிச்சிருக்குதுங்க" என்று சொல்லி நான் சமாளித்தேன். கடைசியில் கௌதமன் சார் சூசைமேரியிடம், "வீட்டில் பணக் கஷ்டம் ஏதும் உண்டா அம்மா, தயங்காமல் சொல்லுங்கள்" என்று கேட்டார். விருந்தாளி சோற்றில் கை வைத்திருக்கும்போது யாராவது வீட்டுக் கஷ்டத்தைப் பேசுவார்களா? "அதெல்லாம் ஒரு கொறையுமில்லீங்க. நீங்க வெக்கப்படாமச் சாப்புடுங்க" என்று இன்னொரு ஒப்புட்டை வைத்தாள் உங்கள் தங்கை. அவரும் அதைச் சாப்பிட்டுவிட்டு, எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நாலு நாளாகியும் தகவல் இல்லை. அவர்கள் ஆபீசுக்கே போனேன். மச்சான், என் ஆயுசில் அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை. எழுந்து நின்று கும்பிட்டு, காப்பி கொடுத்து, "உங்களைப் போன்றவர்கள் முன்வர வேண்டும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு அவசியம் வாருங்கள். பிள்ளைகள் உங்கள் கையால் வாங்கிக்கொள்ளட்டும்" என்றார்கள். எனக்கு அதில் 'விழா', 'பிள்ளைகள்', 'வாங்கிக்கொள்ளட்டும்' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. நம் பிள்ளைக்கு உதவி கிடைத்துவிட்டது என்று நினைத்து, "ஆகட்டுங்க, ரொம்ப சந்தோசமுங்க" என்று தலையாட்டிவிட்டு, வருகிற வழியில் தெருவுக்கே லட்டு வாங்கி வந்து கொடுத்துப்போட்டேன்.

அப்புறம்தான் அழைப்பிதழ் வந்தது. அதில் நான் சிறப்பு விருந்தினர். உதவி பெறும் மாணவர் பட்டியலில் அன்புச்செல்வியைக் காணோம். முதலாளிக்கும் ஒன்று போயிருக்கிறது போல. மறுநாள் நான் உலைப் பக்கம் நிற்கும்போது வந்து கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க முதலாளி, இந்த மாசக் கரண்ட் பில்லை நீங்களே கட்டீர்றீங்களா?" என்றார். அறுபது பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கேட் வாட்ச்மேன் எனக்கு சல்யூட் அடிக்கிறான்.

சிரிப்பெல்லாம் சரி மச்சான். வருகிற திங்கட்கிழமை ஃபீஸ் கட்டவில்லை என்றால் அந்த சீட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடும். முதலாளியே என்னை முதலாளி என்று கூப்பிடும்போது அவரிடம் போய் அட்வான்ஸ் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்புச்செல்வி, "உடுங்கப்பா, நான் டைப்ரைட்டிங் போய்க்கறேன்" என்றாள். அழுதிருந்தால்கூடத் தேற்றியிருப்பேன், சிரித்துக்கொண்டே சொன்னாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். லாரிக்கென்று நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பதில் முதல் வருச ஃபீஸுக்கு மட்டும் கொடுத்து உதவுங்கள். பங்கு கேட்டு எழுதியவரிடமே கடன் கேட்கிறானே என்று சிரிக்காதீர்கள். போனஸ் வந்ததும் திருப்பிவிடுகிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். மாதா உங்கள் வீட்டுக்கு நீண்ட ஆயுளும், மண்டிக்கு நல்ல விலையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத,
தங்கராஜ் (மோல்டர்)

பி.கு.: இதை உறையில் போட்டு, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை தேடிக்கொண்டிருந்தபோது அன்புச்செல்வி வந்தாள். யாருக்கும் தெரியாமல் அந்த ஆபீசுக்குப் போய்வந்திருக்கிறாள்! நேராகக் கௌதமன் சார் முன்னால் நின்று, "ஏனுங்க சார், எங்கப்பா மோல்டருங்க. கம்பெனியும் தோப்பும் முதலாளியோடதுங்க. வண்டி பக்கத்து ஊட்டுக்காரருதுங்க. சேரு எரவலுங்க. கோழி ஒண்ணுதானுங்க எங்களுது, அதையும் நீங்க சாப்புட்டீங்க. எங்க ஊட்ல கஷ்டமுங்க. எனக்குப் படிக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டாளாம். நானும் அவள் அம்மாவும் விருந்து வைத்து, மென்று முழுங்கிய அந்த ஒரு வார்த்தையை இந்தப் பெண் பட்டென்று சொல்லிவிட்டது, மச்சான். கௌதமன் சார் முதலில் முழித்தாராம், அப்புறம் கண்ணில் தண்ணி வரச் சிரித்தாராம். முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். "ஆமாங்க, அவன் என்ற மோல்டர்தானுங்க. அவனாட்ட ஆளுக நம்ம கம்பெனின்னு சொல்றதுனாலதானுங்க என்ற கம்பெனியே ஓடுது" என்றாராம் அவர். மூன்று வருச ஃபீஸும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கட்டுகிறார்கள்.

ஆகையால் மேலே கேட்ட பணம் வேண்டாம். உங்கள் லாரியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து எப்படியும் வந்துவிட வேண்டும். அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டதால் சிறப்பு விருந்தினரை இனி மாற்ற முடியாதாம். ஒவ்வொரு பிள்ளையும் தகப்பனாரோடு மேடையேறி உதவித்தொகையை வாங்க வேண்டுமாம். கொடுக்கிற இடத்தில் நான் நிற்கும்போது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வர யார் இருக்கிறார்கள்? தாய்மாமன் நீங்கள்தான் கூட்டி வரவேண்டும். மெதுவாகக் கூட்டி வாருங்கள் மச்சான், நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் வேண்டும்.