ஏகாதசியும் ஒரு தட்டு போஹாவும்

இந்தூரில் இறங்கினால் சுரைக்காயைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்று மாங்கிலால் முடிவு கட்டிவிட்டார்.

அது லேசில் எடுத்த முடிவு இல்லை. தீபாவளி முடிந்த கையோடு டாக்டர் சர்க்கரை என்று சொன்னதிலிருந்து அவர் வீட்டில் சுரைக்காய் ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது. காலையில் சுரைக்காய்ச் சாறு. மதியம் சுரைக்காய்க் கூட்டு. ராத்திரி அதே சுரைக்காய் வேறு ஏதோ வேஷம் கட்டிக்கொண்டு தட்டில் வந்து விழும். மந்த்சௌரில் துணிக்கடை வைத்திருக்கிற மனுஷன், இளம்பச்சையில் புடவை கேட்டு யாராவது வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் கண்ட்வாவில் மைத்துனி மகளுக்குக் கல்யாணம் வந்தது. ரயில் இந்தூர் வரைக்கும்தான். அங்கே இறங்கி, மத்தியானம் பஸ் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு முழுக் காலைப்பொழுது இந்தூரில். தெருவுக்குத் தெரு காலைப் பலகாரமாய்ப் போஹா ஆவி பறக்கிற ஊர். மாங்கிலால் பேராசைக்காரர் இல்லை. ஒரே ஒரு தட்டு போஹா. மேலே ஒரு பிடி சேவு, ஜீராவன் மசாலாப் பொடி, எலுமிச்சம்பழம் பிழிந்து. அது கிடைத்தால் போதும், மிச்ச ஆயுளைச் சுரைக்காய்க்கு எழுதிக் கொடுக்கவும் தயாராக இருந்தார்.

தடை ஒன்றுதான். அதன் பெயர் ராம்கன்யா. அவருடைய மனைவி. கோயிலுக்குப் போகும்போது சாமிக்குப் பூ எடுக்க மறந்தாலும் இவருடைய சாப்பாட்டு டப்பாவை எடுக்க மறக்கமாட்டாள்.

மாங்கிலால் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஏகாதசி. பயணத்தை அன்றைக்கே வைத்துக்கொண்டார். ராம்கன்யாவுக்கு அன்றைக்கு விரதம். வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்து ஜபமாலை உருட்டுவாள். டப்பாவை ஒழிக்கவும் அவரிடம் ஒரு வழி இருந்தது.

"முன்னி அம்மா, இந்த ஏகாதசிக்கு நானும் விரதம் இருக்கலாம்னு இருக்கேன்."

மகள் பெயரைச் சேர்த்துத்தான் அவர் மனைவியைக் கூப்பிடுவது வழக்கம். ராம்கன்யா மாவு பிசைவதை நிறுத்தினாள். "யாரு, நீங்களா?"

"ஏன், எனக்குப் புண்ணியம் வேண்டாமா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சது. இப்ப என்ன திடீர்னு?"

"வயசாகுதில்ல. அதனால எனக்கு டப்பா எதுவும் கட்ட வேண்டாம்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாங்கிலாலுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் போஹாவை நினைத்ததும் உறுத்தல் அடங்கிவிட்டது.

ஏகாதசியன்று விடியற்காலையில் வழக்கம்போல் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இந்தூரில் இறங்கியதும் மாங்கிலால் பரபரத்தார்.

"வெயிட்டிங் ரூம் அந்தப் பக்கம். நீ நிம்மதியா உட்கார்ந்து ஜபம் பண்ணு. நான் பஸ்ஸுக்கு சீட் சொல்லிட்டு வந்துடறேன்."

"ஜபம் ரயில்லயே முடிஞ்சுது. வாங்க போகலாம்."

"எங்க?"

"கடைத்தெருவுக்கு. ஏகாதசிப் பலகாரம் இந்தூர் மாதிரி எந்த ஊர்ல கிடைக்கும்?"

அப்போதுதான் மாங்கிலாலுக்குத் தன் திட்டத்தில் இருந்த பெரிய ஓட்டை தெரிந்தது. மாளவத்துப் பெண்பிள்ளை விரதம் என்று சொன்னால் பட்டினி என்று அர்த்தம் இல்லை. தானியம்தான் ஆகாது. மற்றதெல்லாம் ஆகும், அதுவும் நெய்யில்.

முதல் கடையில் ராம்கன்யா ஜவ்வரிசிக் கிச்சடி வாங்கினாள். மேலே மலைபோல் உருளைக்கிழங்குச் சேவு. மாங்கிலால் கையை நீட்டினார்.

"உங்களுக்கு ஜவ்வரிசி ஆகாது. டாக்டர் சொல்லியிருக்காரு."

"அந்த உருளைக்கிழங்கு?"

"அது அதைவிட மோசம்."

"அப்ப எனக்கு?"

"பழம் இருக்கே." தள்ளுவண்டியில் ஒரு கீற்று பப்பாளி வாங்கிக் கொடுத்தாள். "பசியை அடக்கறதுதாங்க நிஜமான விரதம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை."

அடுத்த கடையில் கராடு என்று ஒரு கிழங்கு. அந்தக் கிழங்கை நெய்யில் பொன்னாக வறுத்து, மசாலா தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். அதற்கடுத்து தேங்காய் அடைத்த உருளைக்கிழங்கு வடை. ராம்கன்யா ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடித் திறந்தாள். மாங்கிலால் பப்பாளிக் கொட்டையைத் துப்பினார். போகிற வழியெல்லாம் ஜிலேபி பிழிகிற சத்தமும் போஹா வாசனையும் இரண்டு காதையும் மூக்கையும் பிடித்து இழுத்தன. இந்த விரதத்தைக் கண்டுபிடித்த மகானுக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்காது என்று அவருக்குத் தோன்றியது.

பாலைச் சுண்டக் காய்ச்சிய ரப்டி விற்கிற கடையில் அவள் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இதுதான் சமயம்.

"நீ மெதுவா சாப்பிடு. சீட் சொல்லிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாங்க. வெயில்ல ஓடாதீங்க, வெறும் வயிறு."

மாங்கிலால் ஓடினார். முனை திரும்பியதும் ஒரு போஹா வண்டி. மஞ்சளாய், சூடாய், குவியலாய். வண்டிக்காரர் தட்டில் வைத்து, சேவைத் தூவி, பொடியைத் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து நீட்டினார். ஓரத்தில் ஒரு ஜிலேபியும் வைத்தார். மாங்கிலாலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன பியா, வண்டி காத்தாடுது?" என்று இந்தூர்க்காரர்கள் மாதிரி அண்ணன் முறை சொல்லிப் பேச்சுக்குக் கேட்டுவிட்டு ஸ்பூனை எடுத்தார்.

"ஏகாதசின்னா பாதி வியாபாரம்தான் பியா."

"விரதம் இருக்கறவங்க நாலு பேர் இருப்பாங்க. மத்தவங்க?"

"விரதம் இல்லேன்னாலும் நம்மாளுங்க இன்னிக்கு அரிசி தொடமாட்டாங்களே. போஹா என்ன, அவல். அவல் என்ன, அரிசி. உங்களை மாதிரி தைரியசாலிங்க நாலு பேர் வர்றதாலதான் என் அடுப்பு எரியுது."

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

ஏகாதசியன்று அரிசி தின்றவன் அடுத்த பிறவியில் புழுவாய்ப் பிறப்பான் என்று அவர் வீட்டில் பரம்பரையாய்ச் சொல்வார்கள். விரதத்தை ஏமாற்றியிருக்கிறார், மனைவியை ஏமாற்றியிருக்கிறார். ஆனால் இத்தனை வயதுக்கு ஏகாதசியில் ஒரு பருக்கை தொட்டதில்லை. நாளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவர், போஹாவும் அரிசிதான் என்பதை அடியோடு மறந்துவிட்டார்.

போனால் போகிறது, புழுவாய்த்தான் பிறப்போமே என்று ஒரு கணம் துணிந்தார். உடனே இன்னொரு எண்ணம் வந்தது. புழுவாய்ப் பிறந்தால் எங்கே பிறப்பது? தன் ராசிக்குச் சுரைக்காய்க்குள்தான் பிறக்க வேண்டியிருக்கும்.

ஜிலேபியையாவது எடுக்கலாம் என்று பார்த்தார். அதன் மேலெல்லாம் அவல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பசு நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பெருமூச்சு விட்டபடி தட்டை அதன் முன்னால் வைத்தார். பசுவுக்கு மறுபிறவிக் கவலை இல்லை. ஜிலேபியை முதலில் தின்றது.

"விரதத்தன்னிக்கு கோதானம் கேள்விப்பட்டிருக்கேன். கோவுக்கே தானம் இப்பதான் பார்க்கறேன்."

திரும்பினால் ராம்கன்யா.

புண்ணியத்துக்குச் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை. வெயிலில் இவரைத் தேடிக்கொண்டு வந்திருந்தாள். பெஞ்சில் அவர் மறந்துவிட்டு வந்த துண்டு அவள் கையில் இருந்தது.

"முன்னி அம்மா, நான் விரதமே இல்லை. போஹா சாப்பிடத்தான் பொய் சொன்னேன். பசி உயிர் போகுது."

"தெரியும்."

"எப்படி?"

"விரதக்காரர் காலையில டீயில ரஸ்க்கை முக்கி முக்கித் தின்னாரே. ரெண்டாவது ரஸ்க் உடைஞ்சு டீக்குள்ள விழுந்ததுக்கு, 'அய்யோ ராமா'ன்னு சாமியைக் கூப்பிட்டதுதான் நீங்க பண்ணின ஒரே ஜபம்."

அவள் அவரை ஒரு வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பையைத் திறந்தாள். கல்யாணப் புடவைகளுக்கு அடியிலிருந்து அந்த டப்பா வந்தது.

சுரைக்காய்க் கூட்டு. நாலு சப்பாத்தி.

அவர் தின்றார். கையை நக்கித் தின்றார். இந்தச் சுரைக்காயில் இத்தனை நாளும் இந்த ருசி எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. ராம்கன்யா துண்டால் விசிறிக்கொண்டே இருந்தாள். பொய் சொன்னவனுக்கும்கூடக் கிளம்புகிற அவசரத்தில் சப்பாத்தி போட்டிருக்கிறாள். முந்தின பிறவியில் தான் ஏதோ நல்லது செய்திருக்க வேண்டும் என்று மாங்கிலால் மனப்பூர்வமாக நினைத்தார். அதை வாய்விட்டும் சொன்னார்.

"நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ, முன்னி அம்மா."

"சரி சரி. தண்ணி குடிங்க."

குடித்தார். ஒரு நீண்ட ஏப்பம் விட்டார். வயிற்றில் இனி ஒரு கடலைக்குக்கூட இடமில்லை. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

காலி டப்பாவை மூடிக்கொண்டே ராம்கன்யா சொன்னாள்: "போன வாரம் டாக்டர்கிட்ட போய்க் கெஞ்சிக் கூத்தாடி, இந்தூர்ல உங்களுக்கு ஒரு கச்சோரியும் ஒரு ஜிலேபியும் கொடுக்கலாம்னு உத்தரவு வாங்கி வெச்சிருந்தேன். நீங்கதான் விரதம்னுட்டீங்க."