எடமாத்தம் சார் எடுத்த சாவுக் கணக்கு

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரைக்கும், உயிரோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை இளைஞர்களையும் ஒரே பேனாவால் சாகடித்தவர் எங்கள் எடமாத்தம் சாரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

கொரோனா அடங்கிய பிறகு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வழக்கத்தைவிட எவ்வளவு பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே இறந்தவர்களும் உண்டு என்பதால், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிக் கேட்க வேண்டும். அதற்குப் பொறுப்பாக மாத்தளையிலிருந்து வந்தவர் சார். நான் அவருக்கு உதவியாளர்; என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்.

ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. ஆனால் ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயம். காலுறை முழுக்கச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வருவார். மழையில் நடந்தால் சப்பாத்திலிருந்து நுரை பொங்கும். பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள்.

அட்டையைவிட அவர் பயந்தது ஒரு வார்த்தைக்கு. 'செத்தார்' என்று அவர் வாயில் வராது.

“வாசல்ல நின்னு அந்த வார்த்தைய எப்படி மிஸ் கேக்குறது? கூச்சமா இருக்கு,” என்பார்.

றொசல்லயில் ஓர் அம்மாவிடம் கேட்டார்: “ஒங்க வீட்டுல ஆராச்சும்... எடம் மாறிட்டாங்களாம்மா?”

“ஆமாங்க சார். மூத்தவன் மாறிட்டான்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

“மொதல்ல கஷ்டந்தாங்க. இப்ப நல்லா இருக்கான். சாப்பாடெல்லாம் அங்கயே குடுக்குறாங்களாம்.”

அந்த அம்மாவின் பக்தியை நினைத்து சார் கண் கலங்கியபடியே எழுதிக்கொண்டார். மூத்தவன் போயிருந்தது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு. நான் அப்போது பக்கத்து லயத்தில் கேட்டுக்கொண்டிருந்ததால் இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்படியே வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்த தொகை கண்டித் தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து மேலதிகாரி போன் செய்தார். “அந்தப் பக்கம் இன்னும் யாராவது மிச்சம் இருக்காங்களா?”

தீபாவளி வந்தது. ஹட்டன் பஸ் நிலையத்தில் றொசல்ல அம்மா எங்களைக் கண்டு ஓடி வந்தார். பக்கத்தில் புதுச் சட்டையோடு ஒரு பையன்.

“சார், இவன்தான் நம்ம மூத்தவன்.”

சார் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பையன் சோடா வாங்கிக் கொடுத்தான். இறந்தவன் கையால் சோடா குடித்த முதல் அரச அலுவலர் அவர்தான்.

பழியை யார்மேலும் போடாமல், பிழை தன்னுடையது என்று கண்டிக்கு எழுதிவிட்டு, வீடு வீடாக மறுபடியும் ஏறினார். ஒவ்வொரு வாசலிலும் தலையைக் குனிந்து, “ஒங்க மகனத் தப்பா எழுதிட்டேன், மன்னிச்சிருங்கம்மா,” என்றார். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி விளக்குமாற்றைத் தேடினாள். இன்னொருத்தி அவர் கையிலேயே உப்பும் மிளகாயும் கொடுத்து மகனுக்குச் சுற்றிப் போட வைத்தாள். மிளகாய்ப் புகையில் இருமியபடி, வெட்கத்தில் சிவந்து போய் நின்றார்.

ஒரு நாள் டிக்கோயாவுக்கு மேலே ஒரு வீடு. முதல் தடவை 'ஒருத்தரும் இல்லை' என்று சொன்ன வீடு. இந்தத் தடவை சார் நேராகவே கேட்டார்.

“இந்த வீட்டுல யாராவது செத்தாங்களாம்மா?”

அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வீட்டுக்காரருங்க. கொரோனாதான். நெஞ்சுவலின்னு சொல்லி வச்சிட்டோம்.”

“ஏம்மா?”

“வெக்கமா இருந்திச்சுங்க. தெரிஞ்சா பீலிக்குத் தண்ணி புடிக்கக்கூட விடமாட்டாங்க. மகளுக்குப் பேசின எடமும் தட்டிப் போயிரும். சத்தமாக்கூட அழலீங்க.”

சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

“அவரு எப்படிம்மா இருப்பாரு?” என்று கேட்டார்.

அவர் நன்றாகப் பாடுவாராம். கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துவிடுவாராம். அந்த அம்மா சொல்லச் சொல்ல அழுதார், சத்தமாகவே. பக்கத்து வீட்டுப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. உள்ளே வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “நாங்களும் அப்பாவுக்குச் சளின்னுதான் சொன்னோம்,” என்றாள்.

அன்றைக்குப் பிறகு சார் எல்லா வீட்டிலும் அப்படித்தான் கேட்டார். கொழும்புக்கு வேலைக்குப் போனவர்களைக் கழித்த பின்னும் எங்கள் பகுதித் தொகை மறுபடி ஏறியது. இந்தத் தடவை கண்டியில் யாரும் பகடி பேசவில்லை.

அன்று டிக்கோயா வீட்டிலிருந்து இறங்கும்போது பஸ் போய்விட்டிருந்தது, மழை வேறு. வழுக்கும் இடத்திலெல்லாம் சார் நின்றார். எனக்குக் கை கொடுக்க வெட்கப்பட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குடையை மடக்கி அதன் நுனியை நீட்டினார். தான் முழுக்க நனைந்தபடி, ரோட்டுக்கு வரும்வரை நீட்டிக்கொண்டே இருந்தார்.